இடப்பக்கத்து வெந்தய வரியன்கள்

ஜனவரி 6, திங்கள்

இன்று எண்ணும் வேலை தொடங்கியது. எண்ணிக்கையை மேடம் கொடுத்த நீல அட்டை நோட்டில் எழுத வேண்டும். மற்றதை எழுத உரக்கடையில் கொடுத்த இந்த டைரி.

மேடம் என்றால் டாக்டர் நிர்மலா ஜெபராஜ். பூச்சிகளைப் பற்றி ஆராய்ச்சி செய்கிறவர். எங்கள் அரை ஏக்கர் முள்கத்திரியில் மூன்று மாதம் மருந்து அடிக்காமல் இருக்க வேண்டும், தினமும் ஒருவர் பூச்சிகளை எண்ண வேண்டும் என்று கேட்டு வந்தார். "மருந்து அடிக்காத கத்திரியில பூச்சிய எண்றதுக்கு ஆளு வேறயா? கூடையில அள்ளலாமே" என்றார் என் வீட்டுக்காரர் ஏகாம்பரம். நான்தான் ஒப்புக்கொண்டேன். ஷூ கம்பெனியில் பதினோரு வருஷம் செக்கிங்கில் இருந்தவள் நான். தையலில் ஒரு நூல் விட்டிருந்தாலும் கையில் எடுக்காமலே சொல்லிவிடுவேன். அதைக் கேட்டுத்தான் மேடம் வேலையை எனக்கே கொடுத்தார்.

எண்ண வேண்டியது இரண்டு மட்டும். ஒன்று வெந்தய வரியன் என்ற வண்ணத்துப்பூச்சி. வெந்தய நிறச் சிறகு, நுனியில் கறுப்பும் வெள்ளையும். எருக்கில் முட்டை வைக்கும். புழு எருக்கிலையைத் தின்று வளர்வதால் பறவைகள் அதைத் தொடாது. அதனால் அதற்கு அவசரமே கிடையாது. இன்னொன்று நீலப் பட்டைத் தேனீ. கூட்டமாக இருக்காது, தேனடை கட்டாது. கிணற்று மேட்டு மண்ணில் ஒவ்வொன்றும் தனிப் பொந்து போட்டுக்கொள்ளும். கத்திரிப்பூவைக் கட்டிப்பிடித்து உடம்பை அதிரவைத்து மகரந்தத்தைக் கொட்டவைக்கும். அந்த ரீங்காரம் நாலைந்து அடி தூரத்துக்குக் கேட்கிறது.

"ஒண்ணு சத்தமே போடாது. இன்னொண்ணு சத்தம் போடாம வேலையே செய்யாது" என்று மேடம் சிரித்தார். ஒரே வயலில் இரண்டும் எப்படி இருக்கின்றன என்று ஒப்பிட்டுப் பார்க்கிறாராம்.

காலை ஒன்பது மணிக்குக் கிணற்றடியில் தொடங்கி வரப்பில் நூற்றிருபது தப்படி நடந்து வேப்பமரத்தில் முடிக்க வேண்டும். வலப்பக்கம் எங்கள் கத்திரி. இடப்பக்கம் வரப்போரத்து எருக்கும், அதை ஒட்டிப் பூங்காவனம் அண்ணன் வயலும். இரண்டு பக்கமும் ஐந்தடிக்குள் தெரிவதை மட்டும் எழுத வேண்டும். முதல் நாள் என்பதால் மேடமும் கூட நடந்து தனியாக எண்ணினார்.

வெந்தய வரியன்: இடம் 11, வலம் 9. தேனீ: இடம் 6, வலம் 8. வெந்தய வரியனில் மட்டும் மேடத்துக்கு ஒன்றிரண்டு கூடுதல். "பரவாயில்ல, போகப் போகப் பழகிரும்" என்றார்.

ஜனவரி 14, செவ்வாய்

பொங்கல். எண்ணவில்லை. கோலத்தில் இடது ஓரம் ஒரு வரிசைப் புள்ளி வைக்காமல் விட்டிருக்கிறேன். வீட்டுக்காரர் காட்டினார். விடிந்தும் விடியாத நேரத்தில் வைத்தது, அப்படித்தான் இருக்கும்.

ஜனவரி 22, புதன்

வெந்தய வரியன்: இடம் 9, வலம் 9. தேனீ: இடம் 7, வலம் 8.

கத்திரிப்பூவின் மஞ்சள் கொம்பில் பழுப்பாக ஒரு கடித்த தடம் இருந்தால் நீலப் பட்டை வந்து போனது என்று அர்த்தம். மேடம் சொல்லிக்கொடுத்தது. நம் ஆள் வந்து போனதற்குக் கையெழுத்து போட்டிருக்கிறது என்று தோன்றியது.

நேற்றும் இன்றும் இடது புருவத்துக்கு மேல் வலி. வெயிலில் நிற்பதால் இருக்கும். தைலம் தேய்த்துக்கொண்டேன்.

பிப்ரவரி 3, திங்கள்

பூங்காவனம் அண்ணன் கத்திரிக்குக் காய்ப்புழு மருந்து அடித்தார். காற்று எருக்குப் பக்கம் வீசியது. நேரத்தை நீல நோட்டில் குறித்தேன்.

பிப்ரவரி 11, செவ்வாய்

வெந்தய வரியன்: இடம் 5, வலம் 10. தேனீ: இடம் 7, வலம் 8.

இடப்பக்கம் ஒரு வாரமாகவே குறைகிறது. மருந்துதான். நான் சந்தேகப்பட்டேன், எண்ணிக்கையும் அதையே சொல்கிறது.

வாசற்படியில் இடது தோளை இடித்துக்கொண்டேன். அந்த நிலை எப்போதுமே குறுகல்.

பிப்ரவரி 15, சனி

ரேஷன் கடையிலிருந்து வரும்போது பின்னாலிருந்து குரல். "இன்னா குமுதா, ஆளக் கண்டுக்காமப் போற? இங்கதான நிக்கறன்." பூங்காவனம் அண்ணன். டீக்கடை ஓரமாக நின்றிருக்கிறார். யோசனையில் வந்தேன் என்றேன்.

உண்மையில் அவரிடம் பேசவும் மனமில்லை. என் வயலில் புழு விழுந்த காயைப் பொறுக்கி எறிந்துகொண்டிருக்கிறேன். இவர் மருந்தடித்துச் சுத்தமான காயாக மண்டிக்கு ஏற்றுகிறார்.

பிப்ரவரி 26, புதன்

வெந்தய வரியன்: இடம் 2, வலம் 9. தேனீ: இடம் 7, வலம் 9.

மேடம் வந்து நோட்டை முழுவதும் பார்த்தார். முகம் சுருங்கியது.

"இது எனக்குப் புரியலயே குமுதவல்லி. மருந்துன்னா தேனீதானே முதல்ல போகணும்? இடப்பக்கத் தேனீ அப்படியே இருக்கு. வண்ணத்துப்பூச்சி மட்டும் எப்படி இப்படி விழுது?"

எனக்கும் தெரியவில்லை என்றேன். அவரே கொஞ்ச நேரம் யோசித்தார். "புழுவை மட்டும் கொல்ற மருந்து சிலது இருக்கு. எருக்குல வெந்தய வரியன் புழுதான் இருக்கும். காத்துல அது மேல பட்டிருக்கலாம். தேனீ மண்ணுக்குள்ள வளருது, தப்பிச்சிருக்கும்" என்றார். அதற்குப் பிறகு அவர் முகத்தில் ஒரு வேகம் வந்தது. இதை வேளாண்மை அதிகாரியிடம் சொல்லப் போகிறாராம். இது சரியாக இருந்தால் பெரிய விஷயம் என்றார்.

என் எண்ணிக்கையைப் பார்த்து ஒருவர் இவ்வளவு யோசித்தது இதுதான் முதல் தடவை. ஷூ கம்பெனியில் கடைசி வருஷம், தப்பு ஜோடிகள் என் கையைத் தாண்டிப் போயின என்று சொல்லி பேக்கிங்குக்கு மாற்றினார்கள். அந்த சூப்பர்வைசருக்கு என்னைக் கண்டால் ஆகாது.

மார்ச் 3, திங்கள்

அதிகாரி வந்தார். பூங்காவனம் அண்ணன் வயலில் இலையும் காயும் கிள்ளிப் பையில் போட்டுக்கொண்டார். மருந்து டப்பாவைக் கேட்டு வாங்கிப் படம் எடுத்தார். பத்துப் பேர் கூடிவிட்டார்கள். அண்ணன் துண்டைத் தோளிலிருந்து எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு பதில் சொன்னார். அவர் அப்படி நின்று நான் பார்த்ததில்லை.

இரவுச் சாப்பாட்டில் ரசம் தட்டுக்கு வெளியே ஊற்றிவிட்டேன். வீட்டுக்காரர் துடைத்தார்.

மார்ச் 5, புதன்

தெரு விளக்கைச் சுற்றி வானவில் மாதிரி வளையம் தெரிகிறது. பனி.

மார்ச் 7, வெள்ளி

பூங்காவனம் அண்ணன் வீட்டுக்கே வந்துவிட்டார். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"மண்டியில என் ரெண்டு மூட்டைய எறக்காமயே திருப்பி அனுப்பிட்டான் குமுதா. மருந்துக் கத்திரிக்காயாம். ஊர்ல மருந்தடிக்காதவன் எவன் இருக்கறான்? என்னை மட்டும் ஆபீசர வுட்டு சோதிக்கறாங்க. எம்பக்கம் பூச்சியே இல்லன்னு எழுதிக் குடுத்தியாமே?"

"இருக்கறதைத்தான் எழுதினேண்ணா."

"கண்ணால பாத்தியா?"

"தெனமும் பாக்கறேன். பாத்துத்தான் எழுதறேன்."

"நானுந்தான் தெனமும் பாக்கறன். எருக்கு மேல கும்பலா ஒக்காந்துகினு இருக்குது. என் கண்ணுக்குத் தெரியறது உனக்கு எப்பிடித் தெரியாமப் போச்சு?"

மருந்து அடித்தவர் வேறெப்படிப் பேசுவார் என்று நினைத்தேன். அவர் போன பிறகு வீட்டுக்காரர், "அவன் பொய் சொல்ற ஆள் இல்ல" என்றார். அப்போ நான் பொய் சொல்கிறேனா என்று கத்திவிட்டேன்.

மார்ச் 10, திங்கள்

வாய்க்கால் உடைந்து கிணற்றடி முழுக்கச் சேறு. கால் வைக்க முடியவில்லை. அதனால் வேப்பமரத்தடியில் தொடங்கிக் கிணற்றை நோக்கி நடந்தேன். எண்ணிக்கையை எழுதி முடித்துப் பார்த்தேன்.

பூங்காவனம் அண்ணன் பக்கம் வெந்தய வரியன் 10. எங்கள் பக்கம் 1.

தப்பாகக் கட்டம் மாற்றி எழுதிவிட்டேன் என்று நினைத்து, திரும்பப் போய் வேப்பமரத்திலிருந்தே மறுபடி நடந்தேன். அண்ணன் பக்கம் 11. எங்கள் பக்கம் 1.

சேறானாலும் சரியென்று செருப்பைக் கழற்றிவிட்டுக் கிணற்றடியில் தொடங்கி வழக்கம்போல நடந்தேன். அண்ணன் பக்கம் 1. எங்கள் பக்கம் 9.

பூச்சிகள் வரப்பைத் தாண்டித் தாண்டி எனக்கு விளையாட்டுக் காட்டாது. மூன்று நடையிலும் வலக்கை இருந்த பக்கம் பூச்சி இருந்தது. இடக்கை இருந்த பக்கம் இல்லை.

தேனீ மூன்று தடவையும் இரண்டு பக்கமும் ஏழு, எட்டு. அதைக் காதால் கேட்டு, கழுத்தைத் திருப்பி, பிறகு பார்க்கிறேன். இவ்வளவு நாள் அப்படித்தான் செய்துகொண்டிருந்திருக்கிறேன்.

வேப்பமரத்தடியில் உட்கார்ந்து வலது கண்ணைக் கையால் மூடினேன். வயல் இல்லை. சாவித் துவாரத்தில் பார்க்கிற மாதிரி ஒரு துண்டு வெளிச்சமும் அதற்குள் ஒரு கத்திரி இலையும் தெரிந்தன. கையை எடுத்துவிட்டு வீட்டுக்கு வந்து சோறு வடித்தேன்.

மார்ச் 11, செவ்வாய்

இன்று எண்ணவில்லை. தலைவலி என்று மேடத்துக்குச் செய்தி அனுப்பினேன். தலைவலியும் இருந்தது.

மார்ச் 12, புதன்

மேடம் போன் செய்தார். அறிக்கையை வெள்ளிக்கிழமை அதிகாரிக்கு அனுப்பப் போகிறாராம். என் பெயரும் அதில் இருக்குமாம், 'கள எண்ணிக்கை: இ. குமுதவல்லி' என்று. நல்லதுங்க மேடம் என்றேன்.

நல்லதுங்க மேடம் என்று சொன்ன வாயை என்ன செய்வது என்று தெரியவில்லை. எண்பது பாத்திரம் இருப்பதுபோல் தேய்த்துக்கொண்டே இருந்தேன். வேலை போகும். அது கிடக்கட்டும். கண் சரியில்லாதவள் பூச்சி எண்ணினாளாம் என்று ஊர் சிரிக்கும். பேசாமல் இருந்தால் யாருக்கும் தெரியப்போவதில்லை. பூங்காவனம் அண்ணன் மருந்தடித்தது உண்மைதானே என்றும் மனசு சொல்லிப் பார்த்தது. அடித்தது உண்மை. பூச்சி செத்தது உண்மையில்லை.

வீட்டுக்காரரிடம் சொன்னேன். அவர் ஆச்சரியப்படவே இல்லை.

"தீபாவளியிலருந்து பாக்கறன் குமுதா. இடது பக்கமா வந்தா உனக்குத் திடுக்குனு தூக்கிவாரிப் போடுது. தண்ணி சொம்ப இந்தப் பக்கம் வச்சா தட்டி வுட்டுடற."

"ஏன் சொல்லல?"

"ஒருவாட்டி சொன்னன். பதினோரு வருஷம் செக்கிங்ல இருந்தவ கண்ணப் பத்தி நீ பேசறியான்னு ரெண்டு நாள் மொகம் குடுக்கல. அப்பால நான் சொம்ப மட்டும் அந்தப் பக்கமா மாத்தி வச்சன்."

மார்ச் 13, வியாழன்

காலையிலேயே மேடத்துக்குப் போன் செய்தேன். சொல்ல நினைத்து வைத்திருந்த வரிசையெல்லாம் போய், "மேடம், பூச்சி குறையல. எனக்குத்தான் இடது பக்கம் தெரியல" என்று வந்துவிட்டது.

திங்கட்கிழமை நடந்ததைச் சொன்னேன். வேப்பமரத்திலிருந்து நடந்தது, கிணற்றிலிருந்து நடந்தது, எல்லாம்.

"தேனீ?" என்றார்.

"அது காதுல கேக்குதுங்க மேடம். கேட்டுட்டுத் திரும்பிப் பாக்கறேன்."

மூச்சு விடும் சத்தம் கேட்டது. "அதான் தேனீ மட்டும் குறையல. நான் என்னன்னமோ காரணம் கண்டுபிடிச்சேனே. நானே வந்து உங்ககூட இன்னொரு தடவ நடந்திருக்கணும். ரெண்டு மாசமா நடக்கல. அது என் தப்பு." கோபமாகச் சொன்னார், ஆனால் என் மேல் இல்லை. "அறிக்கைய அனுப்பல. நோட்டு கிடக்கட்டும். நீங்க முதல்ல கண் டாக்டரைப் பாருங்க. நாளைக்கே."

மார்ச் 14, வெள்ளி

வேலூரில் கண் ஆஸ்பத்திரி. வீட்டுக்காரர் கூட வந்தார். பஸ்ஸில் என் இடப்பக்கம் உட்கார்ந்துகொண்டார்.

ஒரு கிண்ணத்துக்குள் முகத்தை வைத்து, வெளிச்சப் புள்ளி தெரியும்போதெல்லாம் பொத்தானை அழுத்தச் சொன்னார்கள். எண்ணுகிற வேலைதான். வெகுநேரம் எதுவும் தெரியாமல் கையைக் கட்டிக்கொண்டிருந்த மாதிரி இருந்தது.

கிளாக்கோமா. கண்ணுக்குள் நீர் அழுத்தம் கூடி நரம்பைக் கெடுத்திருக்கிறது. டாக்டர் சின்ன வயதுப் பெண். சுற்றி வளைக்காமல் சொன்னார். "இடது கண்ல முக்கால்வாசி போயிருச்சும்மா. வலது கண்ல மூக்குப் பக்கம் ஆரம்பிச்சிருக்கு. அதனாலதான் ரெண்டு கண்ணும் திறந்திருந்தாலும் இடது பக்கம் தெரியல. போனது திரும்ப வராது. இருக்கறதைக் காப்பாத்தலாம். தலைவலி, விளக்கைச் சுத்தி வளையம் இதெல்லாம் இருந்துச்சா?"

இருந்தது என்றேன்.

"எவ்வளவு நாளா?"

இந்த டைரியில் தேதி இருக்கிறது என்று சொல்லவில்லை.

மார்ச் 17, திங்கள்

லேசர் வைத்தார்கள். இரண்டு கண்ணுக்கும். சுருக்கென்றது, அவ்வளவுதான். சொட்டு மருந்து காலையும் இரவும், உயிருள்ளவரை.

மார்ச் 20, வியாழன்

பூங்காவனம் அண்ணன் வீட்டுக்குப் போனேன். அவர் மனைவி என்னைப் பார்த்ததும் உள்ளே போய்விட்டார். அண்ணன் களைக்கொத்துக்குப் பிடி மாட்டிக்கொண்டிருந்தார். நிமிரவில்லை. நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். கும்பலாக உட்கார்ந்திருக்கிறது என்று அவர் சொன்னது சரி, நான் எழுதியது தப்பு என்றேன்.

பிடியை இறுக்கிக்கொண்டே, "அன்னிக்கு டீக்கடையாண்ட என்னைக் கண்டுக்காமப் போனது?" என்று கேட்டார்.

"தெரியலண்ணா. நிஜமாவே தெரியல."

பிடியைத் தரையில் இரண்டு தட்டு தட்டினார். "கண்ணு போச்சேன்னு நான் பாவப்படணும். எனக்குப் பாவமாத்தான் இருக்குது. ஆனா மண்டியில எம்பேரு கெட்டுப்போச்சே, அதுக்கு யாரு பாவப்படறது?"

நாளைக்கு நான் மண்டிக்கு வருகிறேன் என்றேன்.

மார்ச் 21, வெள்ளி

அதிகாலையில் அண்ணன் டெம்போவிலேயே போனோம். ஏலம் தொடங்குவதற்கு முன்பாகவே மண்டிக்காரரைப் பிடித்தேன். அவர் காதோடு சொல்லச் சொன்னார். மூட்டையைத் திருப்பியபோது எல்லோர் முன்னாலும்தானே திருப்பினீர்கள் என்று கேட்டுவிட்டு, எல்லோருக்கும் கேட்கும்படியே சொன்னேன். நான்தான் எண்ணினேன். என் கண்ணில் கோளாறு. இவர் வயல் பக்கம் வண்ணத்துப்பூச்சி நிறைய இருக்கிறது, வேண்டுமானால் வந்து பாருங்கள்.

ஒருவர் சிரித்தார். இன்னொருவர் எந்த ஆஸ்பத்திரி என்று கேட்டார், அவர் அம்மாவுக்கும் விளக்கைச் சுற்றி வளையம் தெரிகிறதாம். சொன்னேன்.

மண்டிக்காரர் மூட்டையை இறக்கச் சொன்னார். விலை மற்றவர்களைவிடக் கொஞ்சம் குறைவாகத்தான் போட்டார். அண்ணன் பணத்தை இரண்டு தடவை எண்ணி மடியில் செருகிக்கொண்டார்.

மார்ச் 26, புதன்

மேடம் வந்தார். எண்ணிக்கை தப்பு என்று அதிகாரியிடமும் சொல்லிவிட்டாராம். நீல நோட்டில் ஜனவரி முதல் வாரத்துக்குப் பிறகான வெந்தய வரியன் கட்டங்களையெல்லாம் என் கையாலேயே குறுக்குக் கோடு போட்டு அடிக்கச் சொன்னார். பக்கம் பக்கமாக அடித்தேன். கை வலித்தது. தேனீக் கட்டங்களைத் தொட வேண்டாம் என்றார். அதைச் சோதிக்க இரண்டு பேரும் தனித்தனியாக எண்ணிக்கொண்டு நடந்தோம். அவர் 15, நான் 16. அவர் விட்ட ஒன்று இலைக்கு அடியில் இருந்தது. சத்தம் கேட்ட இடத்தைக் காட்டினேன்.

"தேனீயை நீங்களே எண்ணுங்க. அறுவடை முடிய இன்னும் ஒரு மாசம் இருக்கு. வண்ணத்துப்பூச்சிக்கு வேற ஆள் வேணும். உங்க வீட்டுக்காரர்?"

அந்த நேரத்தில் அவர் மாட்டை மேய்ச்சலுக்கு ஓட்டிப் போய்விடுவார் என்றேன்.

அப்போதுதான் எருக்குக்கு அந்தப் பக்கத்திலிருந்து பூங்காவனம் அண்ணன் குரல் வந்தது. எவ்வளவு நேரமாக நின்றிருந்தார் என்று எனக்குத் தெரியாது. "நான் எண்றன்."

மேடம் தயங்கினார். "நீங்க இதுல சம்பந்தப்பட்டவராச்சே. உங்க பக்கம் நிறைய இருக்குன்னு எழுதத் தோணாதா?"

"சம்பந்தப்பட்டவன்தாம்மா சரியா எண்ணுவான். இன்னொருவாட்டி தப்பாச்சின்னா மொதல்ல எம்பேருதான் கெடும்."

வாரம் ஒருமுறை தானே வந்து கூட நடந்து சரிபார்ப்பேன், இந்தத் தடவை தவறாமல் வருவேன் என்று மேடம் சொன்னார். அண்ணன் தலையை ஆட்டினார். மருந்தை எந்த நேரத்தில் அடித்தால் பூச்சிக்குக் கெடுதல் குறையும் என்று அவர்தான் கேட்டார். பூ மூடிய பிறகு, சாயங்காலம், காற்று இல்லாதபோது என்றார் மேடம். பார்க்கலாம் என்றார் அண்ணன்.

மார்ச் 31, திங்கள்

இரண்டு கண்ணுக்கும் சொட்டு மருந்து போட்டுக்கொண்டு ஒன்பதுக்கு முன்பே கிணற்றடிக்குப் போனேன். அண்ணன் ஏற்கெனவே நின்றிருந்தார். அவர் மனைவி இன்னும் என்னிடம் பேசுவதில்லை.

வரப்பு குறுகல், இரண்டு பேர் சேர்ந்து நடக்க முடியாது. அவர் முன்னால், நான் பின்னால். ஒவ்வொரு பூச்சிக்கும் ஒரு வேப்பங்குச்சியை ஒடித்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டே நடந்தார். பாதியில் நின்றுவிட்டார்.

"குமுதா, இது முன்ன எண்ணினதா, புதுசா?"

"எனக்கு எப்படிண்ணா தெரியும்?"

அவர் அந்த வெந்தய வரியன் எருக்கை விட்டு எழுந்து போகும்வரை பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு பையிலிருந்து ஒரு குச்சியை எடுத்துக் கீழே போட்டார். "முன்ன எண்ணினதுதான். சிறகுல ஓரம் கிழிஞ்சிருக்குது."

வேப்பமரத்தடியில் குச்சிகளை எண்ணிச் சொன்னார், நான் எழுதினேன். வெந்தய வரியன்: இடம் 12, வலம் 9. தேனீ: இடம் 7, வலம் 8. முதல் வரிக்குக் கீழே அவர் கையெழுத்து போட்டார், இரண்டாவதற்குக் கீழே நான்.